ஐஸ் உருகினா மீன் பெருகும்ங்கிறது சரியில்ல
கடல் மேல இருக்குற ஐஸ் போனா வெளிச்சம் கூடும், பிளாங்டன் (தண்ணில மிதக்குற பொடி உயிருங்க) கூடும், அதனால ஆர்க்டிக் கடல்ல மீனும் பெருகும்னு கட்டுரைல எழுதியிருக்கீங்க, முதல் பாதி சரிதான், 1998லேர்ந்து 2018க்குள்ள ஆர்க்டிக்ல தாவர பிளாங்டன் உற்பத்தி 57 சதவீதம் ஏறியிருக்குன்னு சாட்டிலைட் கணக்கே இருக்கு, ஆனா அங்கேர்ந்து நேரா மீனுக்குத் தாவுறதத்தான் ஏத்துக்க முடியல. அலாஸ்கா பக்கம் பெரிங் கடலைப் பாருங்க. 2001லேர்ந்து 2005 வரைக்கும் அங்க சூடான வருஷங்க, ஐஸ் சீக்கிரமே போயிடுச்சு, ஐஸுக்கு அடியில ஒட்டி வளர்ற பாசிதான் பெரிய கோப்பிபாடுகளுக்கு (நொய்யரிசி சைஸ்ல இருக்குற இறால் வகை உயிர், உடம்பு பூரா கொழுப்பு) முதல் சாப்பாடு, அது இல்லாம அதுங்க கொறஞ்சு கொழுப்பில்லாத சின்ன வகைங்கதான் மிஞ்சுச்சு. இதுங்களத் தின்னு வளர்ற பொல்லாக் மீன் குஞ்சுங்க கோடைல ஏராளமா இருந்தும் கொழுப்பு சேராம பெரும்பாலும் முதல் குளிர்காலத்தையே தாண்டல. அதனால பொல்லாக் கொறஞ்சு, 2006ல சுமார் 15 லட்சம் டன் பிடிக்கலாம்னு இருந்த அளவ 2009ல 8 லட்சம் சொச்சத்துக்கு இறக்க வேண்டியதாப்போச்சு. மேல ஒருத்தர் "எந்த பிளாங்டனா இருந்தா என்ன"ன்னு கேட்டிருக்காரே, அவருக்கும் இதான் பதில், எவ்வளவு இருக்குன்னு மட்டும் பாத்தா பத்தாதுங்க, எது, எப்ப வருதுங்கிறதுலதான் அந்தக் குஞ்சுங்க உசுரே இருக்கு.