படம் எடுக்கிறவனுக்குப் படம் இல்லை

கமெரா வைத்திருக்கிறவன் நண்பர் கூட்டத்தோடு வெளிக்கிட்டால் அவனுக்குக் கிடைப்பது சம்பளமில்லாத வேலை, வேறொன்றுமில்லை. யாழ்ப்பாணம் தட்டையான ஊர், மலை பார்க்கவேண்டுமென்றால் நாங்கள் இரவு முழுக்க வான் வண்டியில் குந்தியிருந்து மலைநாட்டிலுள்ள ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகவேண்டும். அங்கே 'உலக முடிவு' என்கிற மலை விளிம்பில் காலை 9, 10 மணிக்கெல்லாம் முகில் வந்து மூடிவிடும், 800 மீட்டருக்கு மேலான பள்ளம் வெறும் வெள்ளையாகிவிடும் என்று எத்தனை தரம் சொன்னாலும் பெடியள் கேட்கமாட்டார்கள். வழியில் கண்ட ஒவ்வொரு கல்லிலும் ஏறி நின்று "மச்சான், இதிலயும் ஒண்டு அடி". ஒன்றாம்! எடுத்துக் காட்டினால் வயிறு தெரியுதாம், திரும்ப எடுக்கட்டாம். போய்ச் சேரும்போது முகில்தான் இருக்கும், அதற்கும் ஏச்சு எனக்குத்தான்.

மலையென்று இல்லை, பின்னேரம் காரைநகர் கசூரினா கடற்கரைக்குப் போனாலும் இதே கூத்து. சூரியன் இறங்குகிற நேரம் அதற்கு நேர் முன்னால் போய் நின்றுகொண்டு, முகம் ஏன் கறுப்பாய் வருகிறது என்று கேட்பார்கள். வெளிச்சம் முதுகுப் பக்கமடா, வேறெப்படி வரும்?

வீடு வந்து சப்பாத்தைக் கழற்றமுதலே "படம் எங்க?" தொடங்கிவிடும். சரி என்று அனுப்பினால், வாட்ஸ்அப் சுருக்கித் தள்ளியதற்கும் "உன்ர கமெரா கிளியர் இல்லை மச்சான்". டொகியுமென்ட்டாக அனுப்பட்டோ என்றால் டேட்டா முடிஞ்சிடுமாம். என்னை யாராவது எடுத்தார்களா என்று தேடிப் பார்த்தேன், இருந்த ஒன்றிலும் பாதித் தலை இல்லை.