எலி ஆன்டிபாடியோடு வேலை முடியவில்லை
1975-இல் விஞ்ஞானிகள் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை ஆன்டிபாடியை (அந்நியப் பொருளைப் பற்றிப் பிடிக்க உடல் உண்டாக்கும் புரதம்) வேண்டிய அளவு உருவாக்கக் கற்றுக்கொண்டதோடு பெரிய வேலை முடிந்தது, மிச்சமெல்லாம் கம்பெனிகளின் தயாரிப்பு வேலை என்று ஆன்டிபாடி மருந்துகள் பற்றிய இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. அந்த முறையில் கிடைத்தது எலியின் ஆன்டிபாடி. சிறுநீரக மாற்று நோயாளிகளுக்காக 1986-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, இப்படி ஒரே வகை ஆன்டிபாடியால் ஆன முதல் மருந்தான மியூரோமோனாபும் அதே ரகம்தான். பலருடைய உடல் அதை அந்நியமாகக் கண்டு அதற்கு எதிராகவே ஆன்டிபாடி உண்டாக்கிவிட்டது, திரும்பக் கொடுக்க வழியில்லாமல் போனது. இந்த முட்டுக்கட்டையை உடைத்ததில் பெரிய பங்கு பிரிட்டிஷ் விஞ்ஞானி கிரெக் விண்டரின் குழுவுக்கு. இலக்கைப் பற்றிப் பிடிக்கும் நுனியிலுள்ள ஆறு சின்ன வளையங்களை மட்டும் எலியிடமிருந்து எடுத்து, மற்றதையெல்லாம் மனித ஆன்டிபாடியாக அமைத்தார்கள். எவ்வளவு நுணுக்கமான வேலை அது! மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாப் (1998) அந்த வழியில் வந்ததுதான். அப்புறம், முழு மனித ஆன்டிபாடி வந்ததும் இந்தத் தொல்லை ஒழிந்தது என்று மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதியிருக்கிறார். அதுவும் சரியில்லை. முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் அடாலிமுமாப் முழுக்க மனித வகை, ஆனாலும் சிலருக்கு அதற்கு எதிராக ஆன்டிபாடி உருவாகி மருந்தின் பலன் குறைகிறது. முடக்குவாத நோயாளிகளுக்கு நோயெதிர்ப்பைத் தணிக்கும் மெத்தோட்ரெக்சேட்டையும் சேர்த்துக் கொடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.