பேசிப் பழக்கம் இருக்கிறதா?

சில வருடங்களுக்கு முன் ஒரு ராத்திரி. அப்பா ஐசியூவில் இருந்தார், நான் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். மணி இரண்டு இருக்கும். சின்ன வயதில் தினமும் சொன்ன பிரார்த்தனை ஒன்றைச் சொல்லிப் பார்த்தேன், இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாலும் அதே இடத்தில் வந்து நிற்கிறது. அப்புறம் வாயில் வந்ததெல்லாம் பேரம்தான். இவரை மட்டும் காப்பாற்றிக் கொடு, இனி நான் அப்படி இருப்பேன், இப்படி இருப்பேன்.

பக்கத்தில் ஒரு வயதான அம்மா. அவர் கணவரும் உள்ளேதான். கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய உட்கார்ந்திருந்தார். "எப்படிம்மா இவ்வளவு அமைதியா இருக்கீங்க?" என்று கேட்டேவிட்டேன். "அமைதியெல்லாம் இல்லப்பா, வயித்தைக் கலக்குது. ஆனா தினமும் பேசிப் பழக்கம், அதனால இப்பவும் பேச வருது" என்றார்.

பட்டால்தான் புத்தி வரும் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதையும், ஒன்றரை லட்சம் பேர் ஊரைவிட்டு இழுத்துச் செல்லப்பட்டதையும் அசோகரே தன் 13-ஆம் பாறைக் கல்வெட்டில் வருந்திப் பொறித்து வைத்திருக்கிறார். அந்த மனமாற்றத்தைப் பள்ளிக்கூடத்திலிருந்தே கொண்டாடுகிறோம், சரி. ஆனால் ஒரு மனிதரின் மனம் இளக அத்தனை உயிர் போக வேண்டியிருந்ததே என்று நினைத்தால் எனக்கு நெஞ்சை அடைக்கிறது.

கஷ்டத்தைக் கடவுள் தரும் தண்டனை என்று நான் சொல்ல வரவில்லை, அப்படிச் சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வரும். கஷ்டம் நல்லவருக்கும் வரும், கெட்டவருக்கும் வரும். அது நம்மைக் கீழே தள்ளும், அவ்வளவுதான். விழுந்தவன் எல்லாம் பணிந்தவன் ஆகிவிட மாட்டான். பயத்தில் கும்பிடுவது வேறு, பணிவு வேறு. அப்பா பிழைத்து வீட்டுக்கு வந்த பதினைந்தாவது நாள் நான் பழையபடி ஆகிவிட்டேன், அதே அவசரம், அதே எரிச்சல், வேண்டிக்கொண்டதில் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை.

1521-இல் ஸ்பெயினில் உள்ள பாம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து படுத்தவர், பின்னாளில் இயேசு சபை என்ற கிறிஸ்தவத் துறவியர் சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார். அந்தப் படுக்கையில்தான் மனம் திரும்பினார். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் அப்புறம் செய்தது. அந்த ஒரு அடியை நம்பிக்கொண்டிருக்காமல், தினமும் தன்னைத் தானே உட்கார்ந்து விசாரித்துப் பார்க்கிற ஆன்ம சோதனையைத் தானும் செய்து மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். எந்த மதமாக இருந்தாலும், மதமே இல்லாவிட்டாலும், இதைச் செய்யலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் வரும் முன்னே சோதித்துப் பார்க்கிறோம், மனசுக்குள் எவ்வளவு திமிர் ஏறியிருக்கிறது என்று மட்டும் பார்ப்பதே இல்லை.

நான் ராத்திரி படுக்கும் முன் ஐந்து நிமிடம், போனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருகிறேன். இன்று யாரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, யாரிடம் குரலை உயர்த்தினேன், யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். சில நாள் தூக்கம்தான் வரும், இருந்தாலும் உட்காருகிறேன். அப்பாவை வார்டுக்கு மாற்றலாம் என்று சொன்னதும் அன்று நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டேன், அந்த அம்மாவிடம் அவர் கணவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்ணை மூடினால் பெரும்பாலும் முதலில் வருவது அதுதான்.