முதலில் கணக்கு, அப்புறம் தலைவர்

ஆறு வருஷமாகப் பூட்டிக் கிடந்த எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்தின் டிரங்குப் பெட்டியைப் போன ஞாயிற்றுக்கிழமை திறந்தோம். திறந்தோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரின் உப்புக்காற்றில் பூட்டு துருவேறி இறுகி, சாவி பாதியில் முறிந்து, கடைசியில் சுத்தியலால்தான் காரியம் ஆனது. உள்ளே மினிட் புத்தகம், பேரேடு, 147-ஆம் எண்ணோடு நின்றுபோன ரசீதுக் கட்டு, மை காய்ந்து கல்லாகிவிட்ட ஸ்டாம்ப் பேடு.

அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் ஆரம்பித்துவிட்டார்கள். புதுத் தலைவர் யார், லெட்டர் பேடு எங்கே அடிக்கலாம், டிசம்பர் 7 கொடி நாளுக்கு யாரைக் கூப்பிடலாம். ஒருவர் ஃப்ளெக்ஸ் டிசைனே போட்டு அனுப்பியிருக்கிறார். அதில் என் படமும் இருக்கிறது, பத்து வயது குறைத்து.

எனக்கு இது பிடிக்கவில்லை. வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

சங்கம் நின்றதற்குக் கொரோனா மேல் பழி போடுகிறோம். கொரோனா வந்தது அப்புறம். அதற்கு முந்தைய பொதுக்குழுவிலேயே கதை முடிந்துவிட்டது. விழாச் செலவுக்கு வவுச்சர் எங்கே என்று ஒருவர் கேட்டார். ‘என்னைத் திருடன்கிறியா?’ என்று மற்றவர் எழுந்தார். எல்லையில் பக்கத்துப் பக்கத்தில் படுத்துக் கிடந்தவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ‘மறு அறிவிப்பு வரும்வரை சங்க நடவடிக்கைகள் நிறுத்திவைக்கப்படுகின்றன’ என்று மினிட் புத்தகத்தில் எழுதியது செயலாளராக இருந்த நான்தான். என் கையெழுத்து இன்னும் அழகாகத்தான் இருக்கிறது. அடுத்த கூட்டம் எந்தத் தேதி என்று ஒரு வரி சேர்க்க எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

நாங்கள் ரோஷத்தோடு ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்துகொண்டோம். எங்களுக்கு ஒன்றும் குறையவில்லை. பென்ஷன் வந்தது, கேன்டீன் கார்டு இருந்தது. அடி விழுந்தது எங்களோடு இருந்து இறந்துபோனவர்களின் மனைவிமார்களுக்கு.

போன மாதம் ஒரு அக்கா வந்தார். கணவர் என் பட்டாலியன்தான், சங்கம் நின்றிருந்த காலத்தில் இறந்துபோனார். ராணுவ ரெக்கார்டில் அக்கா பெயர் லட்சுமியில் முடிகிறது, ஆதாரில் லெட்சுமியில். நம்ம ராமநாதபுரத்தில் லெட்சுமி என்று எழுதாத வீடு உண்டா? வங்கி வழியாகப் பென்ஷன் வந்த காலத்தில் மேனேஜருக்கு முகம் தெரியும். இப்போது எல்லாம் ஸ்பர்ஷ் என்கிற ஆன்லைன் பென்ஷன் முறை. கம்ப்யூட்டருக்கு லட்சுமி வேறு, லெட்சுமி வேறு. உறுதிமொழிப் பத்திரம் எழுதி ரெக்கார்டு ஆபீசுக்கு அனுப்பி, திருத்திய பி.பி.ஓ., அதாவது பென்ஷன் ஆணை, வரும்வரை குடும்பப் பென்ஷன் நிற்கிறது. அதுவரை அக்கா கடல்பாசி எடுக்கப் போகிறார். விரல் நுனியெல்லாம் பாறையில் உரசி வழுவழுவென்று ஆகிவிட்டது, இனி ரேகை மெஷினில் அவர் கை பதியாது. வருஷா வருஷம் உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்க வேண்டுமே, அதற்கு முகத்தைக் காட்டினாலே போதும், போனிலேயே வசதி இருக்கிறது. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

கணவர் இருக்கும்போதே, படையை விட்டு வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்துப் பெயரைச் சரிபார்த்திருந்தால் ஒரு விண்ணப்பத்தோடு முடிந்திருக்கும். முன்பு வருஷத்துக்கு ஒருமுறை சங்கத் திண்ணையில் அந்த வேலைதான் நடந்தது. எந்தத் தலைவரும் செய்யவில்லை. நாயக் ரேங்க்காரர்கள் இரண்டு பேர், ஒரு கிளார்க், ஒரு பென்சில்.

திண்ணையைப் பற்றி இன்னொன்று. 87-இல் அமைதிப்படையில் இலங்கைக்குப் போன பெரியவர்கள் எங்களில் உண்டு. தனுஷ்கோடியிலிருந்து முப்பது கிலோமீட்டர்கூட வராத எதிர்க்கரை. அங்கிருந்து அகதிகளாக வந்தவர்கள் மண்டபம் முகாமில் இருக்கும்போது, அங்கே சண்டைக்குப் போனேன் என்று இவர்கள் ஊரில் யாரிடம் சொல்வது? 1990 மார்ச்சில் படை சென்னைக்குத் திரும்பியபோது முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. அவர் பக்கத்து நியாயம் அவருக்கு, அதை இங்கே விவாதிக்க வேண்டாம். ஆனால் அந்தப் பெரியவர்கள் வாய் திறந்து பேசிய ஒரே இடம் இந்தத் திண்ணை. அதையும் ஒரு வவுச்சருக்காகப் பூட்டினோம்.

தலைவர் இல்லாமல் பதிவாளர் ஆபீசில் யார் கையெழுத்துப் போடுவது என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி, வரவு செலவும் உறுப்பினர் பட்டியலும் தாக்கல் செய்திருக்க வேண்டும். ஆறு வருஷம் பாக்கி. இரண்டு வருஷம் தொடாத கணக்கை வங்கியும் முடக்கிவிட்டது. இதற்கெல்லாம் பழைய நிர்வாகிகள் நாங்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும். அபராதம் எங்கள் தலையில், திட்டும் எங்களுக்கே. புதிதாக வருகிறவன் ஏன் எங்கள் அழுக்கைத் துவைக்க வேண்டும்? பழைய பேரேட்டைப் பொதுக்குழுவில் வரி வரியாக வாசிப்போம். வவுச்சர் இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. ‘அதெல்லாம் பழைய கதை, விடுங்கப்பா’ என்கிறவர்களிடம் எனக்குப் பயம். அப்படி விட்டால் அடுத்த விழாவில் மறுபடி நாற்காலி தூக்குவோம்.

இன்னொரு வேண்டுகோள், சாப்களுக்கு, அதாவது மேல் ரேங்கில் இருந்தவர்களுக்கு. பென்ஷன் வாங்கி இருபது வருஷம் ஆகியும் சிப்பாய் நின்றுகொண்டும் சுபேதார் உட்கார்ந்துகொண்டும் பேசுவது பார்க்க நன்றாக இல்லை. நாற்காலி பத்தாவிட்டால் பாய் விரிப்போம்.

புது ரசீதுப் புத்தகம் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பழைய கட்டிலேயே 148-இலிருந்து தொடர்கிறோம். 148 என்னுடையது, நூறு ரூபாய்.

வரும் ஞாயிறு காலை ஒன்பது மணி, அதே திண்ணை. வருகிறவர்கள் டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ., கணவன் மனைவி இருவர் ஆதாரும் கொண்டுவரவும். நடக்க முடியாதவர்கள் வீட்டு முகவரியை அனுப்பினால் பைக்கில் வருகிறோம். பதவி கேட்டு வருகிறவர்கள் அடுத்த மாதம் வரலாம். மின்விசிறி ஓடவில்லை, துண்டு எடுத்து வாருங்கள்.