“தாங்கும்ணே” வேண்டாம், எத்தனை கிலோ என்று சொல்லுங்கள்

வயிறு எரிந்துபோய் எழுதுகிறேன். மினி டிராக்டரை ஏற்றிக்கொண்டு போக ஒரு டிரைலர் வாங்கலாம் என்று கிளம்பி மூன்று மாதம் ஆகிறது. பட்டறைக்காரர், பழைய வண்டி விற்பவர், புரோக்கர், ஷோரூம் ஆள் என்று பத்துப் பதினைந்து பேரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: இது எத்தனை கிலோ தாங்கும்? ஒருத்தர் வாயிலிருந்தாவது ஒரு எண் வரவேண்டுமே! “அதெல்லாம் தாங்கும்ணே.” “யானையையே ஏத்தலாம் தம்பி.” “போன வாரம்தான் இதே மாதிரி ஒண்ணுல ஒருத்தர் செங்கல் ஏத்திட்டுப் போனாரு, ஒண்ணும் ஆகல.” யானை எனக்கு எதற்கு? நான் கேட்டது கிலோ.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். எனக்கு ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிப் பக்கம். தென்னந்தோப்புகளுக்குள் மரத்துக்கு மரம் நுழைந்து ஓட்ட பெரிய டிராக்டர் சரிப்படாது என்றுதான் மினி டிராக்டர் வாங்கினேன். தோப்பு வேலை பாம்பன் பாலம் தாண்டித் தங்கச்சிமடம் வரை வரும். புரட்டாசி வந்தால் மிளகாய்க் கொல்லைக்கும், மழைக்கு முந்திய புழுதி உழவுக்கும் ராஜசிங்கமங்கலம், திருவாடானை வரை கூப்பிடுவார்கள். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டியிருக்கும். மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் ரோட்டிலேயே ஓட்டிக்கொண்டு போனால் போகவே மூன்று மணி நேரம், தாரில் தேய்ந்து பின் டயர் பட்டன் இரண்டு வருஷத்தில் மொட்டையாகிவிடும். என்னிடம் இருக்கிற பிக்கப் வண்டியின் தொட்டியில் ஏற்றலாமே என்று கேட்பார்கள். கண்மாய்க் கரை இருக்கிற ஊரில் அது சரி, வண்டியைக் கரையோடு ஒட்டி நிறுத்தினால் டிராக்டர் தானாக ஏறிவிடும். எங்கள் கடலோர மணலில் கரைக்கு எங்கே போவது? எல்லாமே தரைமட்டம். அவ்வளவு உயரத்துக்குப் பனஞ்சட்டத்தைச் சாய்த்து ஏற்றினால், பின்னால் ரோட்டவேட்டர் (மண்ணைக் கிளறுகிற சுழல் கலப்பை) தொங்குகிற கனத்துக்கு முன் சக்கரம் அந்தரத்தில் தூக்குகிறது. ஒருதரம் பாதி ஏறும்போது சட்டம் படீரென்று விரிசல் விட்டது. அன்றோடு அதை விட்டேன். அதனால்தான் தாழ்வான டிரைலர் ஒன்று வாங்கி பிக்கப்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

கடைசியில் ஒரு பழைய டிரைலர் அமைந்தது. இரண்டு சக்கரம், ஒற்றை அச்சு. “ஒன்றரை டன் டிரைலர்ணே, உங்க குட்டி டிராக்டர் என்ன எண்ணூத்தம்பது கிலோ, கண்ணை மூடிக்கிட்டு ஏத்துங்க” என்றார் விற்றவர். டிராக்டர் புத்தகத்திலும் 850 என்றுதான் போட்டிருந்தது. இருபதாயிரம் அட்வான்ஸ் கொடுத்தேன். போன வாரம் ராத்திரி, மச்சான் கொல்லையை மழைக்கு முன்னால் உழுதாக வேண்டும் என்று ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். தேவிபட்டினம் தாண்டியதும் பின்னால் ஆட ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு நாய் வாலை ஆட்டுகிற மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம். ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை. எதிரே ஒரு மீன் லாரி. எப்படி வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டினேன் என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இறங்கிப் பார்த்தால் அச்சு நடுவில் வளைந்து இரண்டு சக்கரமும் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்து நிற்கிறது, ஒரு பக்க ஸ்பிரிங் பட்டை முறிந்து தொங்குகிறது. இதே ஆட்டம் பாம்பன் பாலத்தில், கடல் காற்று அடிக்கிற நேரத்தில் வந்திருந்தால்? இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஓரங்கட்ட இடம் கிடையாது. நினைத்தாலே கை நடுங்குகிறது.

காலையில் விற்றவருக்குப் போன் போட்டேன். அவர் சொன்ன முதல் வார்த்தை: “நீங்க ஓவர்லோடு ஏத்திட்டீங்கண்ணே.”

எப்படி இருக்கும் எனக்கு? கண்ணை மூடிக்கொண்டு ஏற்றச் சொன்ன அதே வாய்!

சரி, உண்மையில் எவ்வளவுதான் ஏற்றினோம் என்று எடை மேடைக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். டிராக்டர் மட்டும், எப்போதும் வேலைக்குப் போகிற கோலத்தில். சீட்டில் 1,240 கிலோ. முதலில் மெஷின் கோளாறு என்றே நினைத்தேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டால் எல்லாம் சரியாகத்தான் வருகிறது. புத்தகத்தில் இருப்பது வெறும் டிராக்டரின் எடை. நாலடி ரோட்டவேட்டர் இருநூறு கிலோவுக்கு மேல். பிடிப்புக்காகப் பின் டயர்களில் தண்ணீர் ஏற்றி வைத்திருக்கிறோமே, லிட்டருக்கு ஒரு கிலோ, இரண்டு டயருக்கும் சேர்த்து நூறு கிலோவை நெருங்கும். டேங்க் நிறைய டீசல், சேற்றில் ஓட்ட மாட்டுகிற இரும்புச் சக்கரமான கேஜ் வீல் ஒரு ஜோடி, டூல் பெட்டி. எல்லாம் சேர்ந்தால் நானூறு கிலோ எங்கிருந்து வந்தது என்று கேட்கவே வேண்டாம். இதை டிராக்டர் விற்கும்போது ஷோரூமில் ஒரு வார்த்தை சொன்னார்களா? ஹெச்பி, மானியம், தவணை எல்லாம் மூச்சு விடாமல் சொன்னார்கள்.

அடுத்தது அந்த “ஒன்றரை டன்”. அது என்ன ஒன்றரை டன்? டிரைலரும் பாரமும் சேர்ந்தா, பாரம் மட்டுமா? காலி டிரைலரை எடை போட்டால் 480 கிலோ. மொத்தம் ஒன்றரை டன் என்றால் மேலே ஏற்றக்கூடியது 1,020 கிலோதான். நான் ஏற்றியதோடு சேர்த்தால் 1,720. இந்த ஒரு கழித்தல் கணக்கை விற்கிறவர் சொல்லியிருந்தால் நான் அந்த டிரைலரைத் தொட்டே இருக்கமாட்டேன்.

அப்புறம் டயர். வீட்டு வாசலில் மல்லாந்து படுத்து, டயர் பக்கவாட்டில் அப்பியிருந்த உப்புச் சேற்றைத் துணியால் துடைத்து, போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். அளவுக்குப் பக்கத்தில் 96 என்று ஒரு எண். அந்த எண்ணுக்கு அர்த்தம் ஒரு டயர் 710 கிலோ தாங்கும் என்பது. இரண்டுக்கும் 1,420. டிரைலரை பிக்கப்போடு மாட்டுகிற கொக்கியில் இறங்குகிற பாரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் நான் போட்டது 1,500க்கு மேல். அச்சு தாங்கினாலும் டயர் தாங்காது, டயர் தாங்கினாலும் கொக்கி தாங்காது, எது பலவீனமோ அதுதான் அந்த டிரைலரின் உண்மையான கொள்ளளவு. 100 என்று போட்ட டயர் என்றால் ஒன்றுக்கு 800 கிலோ. ஒவ்வொரு டயரிலும் அச்சடித்தே வைத்திருக்கிறான். விற்கிற ஒருத்தர்கூட அதைக் குனிந்து பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

ஆட்டத்துக்குக் காரணம் எடை மட்டும் இல்லை என்பதை என் அப்பா சொன்னார். அவர் மாட்டு வண்டி ஓட்டிய மனுஷன், டிரைலரைப் பார்த்ததும் “பின்பாரமால்ல ஏத்திருக்க” என்றார். முன்பாரமானால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும், பின்பாரமானால் நுகம் மேலே தூக்கி பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். இங்கேயும் அதே கதைதான். டிராக்டரை முன்னோக்கி ஏற்றினேன், ரோட்டவேட்டர் டிரைலரின் வால் பக்கம் உட்கார்ந்துவிட்டது, கொக்கியில் கனமே இல்லை. மொத்தப் பாரத்தில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியில் இறங்கவேண்டும், அது குறைந்தால் வேகம் பிடித்ததும் வால் ஆடும். அதிகமானால் பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கி முன் சக்கரம் ரோட்டைப் பிடிக்காது. டிராக்டர் ஒரு அடி முன்னே நிற்கிறதா பின்னே நிற்கிறதா என்பதில் இருக்கிறது உயிர். டிரைலர் செய்கிறவர்கள் அச்சை எங்கே வைக்கவேண்டும் என்று டிராக்டரின் நீளத்தைக் கேட்டுச் செய்யவேண்டாமா? நான் போன பட்டறைகளில் கேட்டதெல்லாம் “என்ன கலர் அடிக்கணும்” என்றுதான்.

பிரேக்கைப் பற்றிக் கேட்டால் முகத்தைச் சுளிக்கிறார்கள். “முன்னால போற வண்டில பிரேக் இருக்குல்லண்ணே.” அந்த பிரேக் அந்த வண்டியை நிறுத்துவதற்கு. பின்னால் ஒன்றே முக்கால் டன் தள்ளிக்கொண்டு வந்தால் யார் நிறுத்துவது?

பழைய டிரைலர் என்றால் துரு வேறு. நம் கடற்கரையில் இரும்பு என்ன பாடுபடும் என்று எல்லோருக்கும் தெரியும். படகு இழுத்து உப்புத் தண்ணீரில் முங்கி எழுந்த டிரைலருக்கு மேலே ஒரு கோட் பெயின்ட் அடித்து “புதுசு மாதிரி” என்று நிறுத்தி வைக்கிறார்கள். சுத்தியலால் அடிச் சட்டத்தைத் தட்டினால் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. நான் அப்படித் தட்டிப் பார்த்ததற்கு ஒருத்தர் கோபித்துக்கொண்டார்.

சட்டம் மட்டும் நம்மை விடுமா? 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 194ஆவது பிரிவில் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கட்டவேண்டியது ஓட்டுகிறவன். டிரைலருக்குத் தனியாகப் பதிவு வேண்டும் என்பதையும் விற்கிறவர்கள் சொல்வதில்லை, “கிராமத்துக்குள்ளதானே ஓட்டப் போறீங்க” என்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை எந்தக் கிராமத்துக்குள் இருக்கிறது?

அட்வான்ஸ் திரும்பி வரவில்லை. மச்சான் கொல்லையில் மறுநாளே மழை இறங்கிவிட்டது, புழுதி உழவு போச்சு. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, “விடுங்க மாப்ள” என்றார், அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

மண்டபத்திலிருந்து தொண்டி வரைக்கும், இல்லை பரமக்குடிப் பக்கமாவது, இப்படி ஒரு பட்டறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: இரட்டை அச்சு, பிரேக், காலி எடையும் ஏற்றக்கூடிய எடையும் தகட்டில் அடித்து, எடை மேடைச் சீட்டோடு கையில் கொடுக்கவேண்டும். 1,350 கிலோ ஏற்றவேண்டும், கலப்பையும் சேர்த்து. விலை முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. ஐப்பசி பிறப்பதற்குள் வேண்டும்.