குதிருக்குள் ரேடியோ

லண்டனில் இருக்கும் சித்தப்பா மகள் ஒரு கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். "அண்ணே, டிவி லைசென்ஸ் எடுக்கலன்னா கேஸ் போடுவாங்களாம். நான் போன்லதான் நம்மூர் சீரியல் பாக்குறேன். அதுக்குமா?"

நேரலையில் பார்த்தால் அதற்கும்தான். எந்த நாட்டுச் சேனலாக இருந்தாலும், ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்த்தால் பிரிட்டனில் லைசென்ஸ் வேண்டும். முடிந்த எபிசோடை அப்புறம் யூட்யூபில் பார்த்தால் வேண்டாம். 2025 ஏப்ரலில் இந்தக் கட்டணம் வருஷத்துக்கு 174.50 பவுண்டு ஆனது. கட்டாமல் பார்த்து மாட்டினால் குற்ற வழக்கு, 1000 பவுண்டு வரை அபராதம்.

நமக்கும் இது புதுசில்லை. எழுபதுகளில் ரேடியோவுக்கு வருஷம் 15 ரூபாய், டிவிக்கு 50. தபால் ஆபீஸில் கட்டினால் லைசென்ஸ் புத்தகத்தில் வில்லை ஒட்டி முத்திரை குத்தித் தருவார்கள். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு வருஷம் குறுவை கைவிட்டதில் தாத்தா கட்டவில்லை. லைசென்ஸ் பார்க்க ஆள் வருகிறார் என்று தெருக்கோடியிலிருந்து தகவல் வந்ததும், அப்பாயி ரேடியோவைப் பழைய புடவையில் சுற்றி நெல் குதிருக்குள் இறக்கிவிட்டார். வந்தவரிடம் "ரேடியோவா, எங்களுக்கு ஏதுய்யா" என்றாராம். அவர் அண்ணாந்து பார்த்தார். முற்றத்துக்குக் குறுக்கே ஏரியல் வலை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தொங்கிக்கொண்டிருந்தது. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று எங்கள் வீட்டில் அந்த வலைதான் சொன்னது. மனுஷர் மோரைக் குடித்துவிட்டு, "அடுத்த வாரத்துக்குள்ள கட்டிடுங்கம்மா" என்று போய்விட்டார்.

கட்டணமே தப்பு என்று நான் சொல்லவில்லை. அறுபதுகளில் திருச்சி வானொலி சொல்லிச் சொல்லித்தான் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் நம் தஞ்சை ஜில்லா வயல்களில் பரவியது. அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வந்தது. அப்படி ஒரு வானொலிக்கு 15 ரூபாய் தரலாம், தப்பில்லை.

எனக்கு ஆகாதது வீடு வீடாகப் போய்ப் பிடிக்கிற முறை. பகலில் கதவைத் திறப்பவர்தானே மாட்டுவார்? பிரிட்டனில் இந்தக் குற்றத்துக்குத் தண்டனை பெறுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதுவும் பெரும்பாலான வழக்குகளில் ஒரே ஒரு நீதிபதி, எதிரில் யாரும் இல்லாமல், காகிதத்தைப் பார்த்தே முடித்துவிடுகிறார். கரண்ட் பில் பாக்கிக்கு யாரையாவது குற்றவாளி ஆக்குகிறோமா? ஜெர்மனியில் டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. கசப்புதான், ஆனால் எவரும் வந்து கூடத்தை எட்டிப் பார்ப்பதில்லை. பிரான்ஸ் 2022-ல் கட்டணத்தையே எடுத்துவிட்டது. நாம் எண்பதுகளின் நடுவிலேயே எடுத்துவிட்டோம்.

அதற்கு முன்னால் வேதாரண்யம் பக்கம் நடந்ததுதான் வேடிக்கை. டிவி லைசென்ஸை இங்கே கட்டிவிட்டு, உயரமான கம்பத்தில் ஆன்டெனா ஏற்றி இலங்கை ரூபவாஹினி பார்த்தார்கள். இப்போது தங்கச்சி தமிழ் சீரியலுக்காக, லைசென்ஸ் பணம் போய்ச் சேரும் பிபிசிக்குக் கட்ட வேண்டியிருக்கிறது.

அவளுக்கு எழுதிவிட்டேன்: கதவைத் தட்டினாலும் வாரண்ட் இல்லாமல் உள்ளே வர முடியாது, பயப்படாதே. நேரலை பார்ப்பதானால் கட்டிவிடு. இல்லையென்றால் லைசென்ஸ் தேவையில்லை என்று தெரிவித்துவிடு. "சரிண்ணே, மறுநாளே யூட்யூப்ல பாத்துக்கிறேன்" என்றாள். வெள்ளிக்கிழமை எபிசோடுக்குத் தாங்குவாளா, தெரியவில்லை.