கிராஸ்ரேகல் மடத்தின் இரண்டு தலைவர்கள்
பதினாறாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தின் கத்தோலிக்க மடாதிபதிகள் அனைவரும் நிலவருவாய்க்காக அமர்த்தப்பட்ட பிரபு வீட்டுப் பிள்ளைகளே, சமயத்தில் அவர்களுக்கு அக்கறை இருக்கவில்லை என்று ஒரு கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்காட்லாந்து மன்னர் ஐந்தாம் ஜேம்ஸ் மணவுறவுக்கு வெளியே பிறந்த தன் மகன்களுக்குக் குழந்தைப் பருவத்திலேயே பெரிய மடங்களை எழுதி வைத்தது உண்மைதான். ஆனால் ஏர்ஷயரின் கிராஸ்ரேகல் மடத்துத் தலைவர் குவின்டின் கென்னடி, தாமும் காசிலிஸ் பிரபு குடும்பத்தவர், சிற்றப்பாவுக்கு அடுத்து அப்பதவிக்கு வந்தவர் என்றாலும், கத்தோலிக்கத்தை எதிர்த்த புராட்டஸ்டன்ட் சீர்திருத்தச் சபை வென்று இரண்டாண்டுகள் கழிந்த 1562இல், மேபோல் ஊரில் அச்சபையின் தலைவர் ஜான் நாக்ஸை நேருக்கு நேர் எதிர்கொண்டு, கத்தோலிக்கரின் மைய வழிபாடான திருப்பலிக்காக மூன்று நாள் வாதாடினார். விவிலியத்தில் வரும் அரசரும் குருவுமான மெல்கிசேதேக்கு கொண்டுவந்த அப்பமும் திராட்சை ரசமும் கடவுளுக்குப் படைக்கப்பட்ட பலியா, ஆபிரகாமின் ஆட்களுக்கு அளித்த உணவா என்பதிலேயே அந்த விவாதம் பெரும்பாலும் சிக்கிக்கொண்டது. வருவாயை மட்டும் எண்ணியவர் இந்தத் தொல்லையை ஏன் தேடிக்கொள்ள வேண்டும்? கட்டுரையாளரின் சித்திரம் பொருந்துவது அவருக்குப் பின் வந்த ஆலன் ஸ்டூவர்ட்டுக்குத்தான். துறவியல்லாத, மடத்தின் வருவாயை மட்டும் பெற்ற அவரை, 1570இல் குவின்டினின் அண்ணன் மகனான காசிலிஸ் பிரபு டன்யூர் கோட்டைக்குக் கொண்டுபோய், உடலில் எண்ணெய் தடவி நெருப்பின் மேல் வாட்டி, மட நிலங்களுக்கான பத்திரங்களில் கையொப்பம் வாங்கினார்.